பெயரும் அட்டையும்: பிரிந்தோரைத் தேடிய வரலாறு

போர், பஞ்சம், பிழைப்புத் தேடிய பயணம், நாட்டுப் பிரிவினை ஆகிய காரணங்களால் குடும்பங்கள் சிதறுவது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது. சிதறியவர்களைத் தேடுவதும் அதே அளவுக்குப் பழையது. ஊருக்கு வரும் வணிகரிடமும் யாத்திரிகரிடமும் 'எங்கள் ஆளைப் பார்த்தீர்களா' என்று கேட்டு வைப்பதே நெடுங்காலம் ஒரே வழியாக இருந்தது. முன்பின் அறியாத ஒருவருக்காக முறையாகப் பதிவேடு வைத்து, நாடு கடந்து தேடித் தரும் அமைப்புகள் தோன்றிச் சுமார் 150 ஆண்டுகளே ஆகின்றன.

அந்த அமைப்புகள் எவ்வாறு உருவாயின, எந்த முறையில் வேலை செய்தன, தமிழர்களின் புலம்பெயர்வு வரலாற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இந்த வரலாறு முழுவதிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தெரியவரும். எவருடைய பெயரை யாரோ ஒருவர் எங்கோ எழுதி வைத்தாரோ, அவரைத் தேட முடிந்தது. பெயர் எழுதப்படாதவர் இரண்டாம் முறையும் தொலைந்து போனார்.

தொடக்கம்: சொல்ஃபெரினோ முதல் பாசல் வரை

1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியில் சொல்ஃபெரினோ என்னுமிடத்தில் பிரெஞ்சு, சார்டீனியப் படைகளுக்கும் ஆஸ்திரியப் படைக்கும் பெரும்போர் நடந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த ஹென்றி டுனாண்ட் என்ற வணிகர் அப்போது அந்தப் பகுதிக்குச் சென்றிருந்தார். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு ஊர்ப் பெண்களின் துணையுடன் அவர் தண்ணீர் கொடுத்தார், கட்டுப் போட்டார். சாகும் தறுவாயில் இருந்த வீரர்கள் சிலர் தங்கள் வீட்டுக்குச் செய்தி சொல்லுமாறு அவரிடம் கேட்டனர். லியோன் நகரத்து இளைஞர் ஒருவரின் பெற்றோருக்கு டுனாண்ட் தெரிவித்த செய்திதான், மகனைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த ஒரே செய்தி. படைப் பதிவேட்டில் அந்த இளைஞர் 'காணாமற்போனவர்' என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்தார்.

டுனாண்ட் தம் அனுபவத்தை 1862-இல் நூலாக வெளியிட்டார். அதன் விளைவாக 1863-இல் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு ஜெனீவாவில் தோன்றியது. காயமடைந்தோருக்கு மருத்துவம் பார்ப்பதே அதன் முதல் நோக்கம். ஆனால் 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, மருந்துக்கு அடுத்தபடியாக மக்கள் கேட்டது செய்திதான் என்பது தெரிந்தது. பிரெஞ்சு, ஜெர்மன் எல்லைகளுக்கு அருகில் உள்ள சுவிட்சர்லாந்து நகரமான பாசலில் அவ்வாண்டு ஜூலை மாதம் ஒரு தகவல் நிலையம் திறக்கப்பட்டது. இரு தரப்பிலும் கைதான வீரர்களின் பட்டியல்களைப் பெற்று எதிர்த்தரப்புக்கு அனுப்புவதும், கைதிகளுக்கும் குடும்பங்களுக்கும் இடையே கடிதங்களைக் கொண்டு சேர்ப்பதும் அதன் வேலை. பின்வந்த போர்களின்போது 1877-இல் திரியெஸ்த் நகரிலும், 1912-இல் பெல்கிரேடிலும் இத்தகைய நிலையங்கள் அமைந்தன.

ஜெனீவா, 1914: இரு அட்டைகளின் சந்திப்பு

முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 ஆகஸ்ட் 21 அன்று, 'பன்னாட்டுப் போர்க்கைதிகள் முகமை' ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. செஞ்சிலுவைக் குழுவின் தலைவர் குஸ்தாவ் அடோர் இதற்குப் பொறுப்பேற்றார். சில அறைகளில் தொடங்கிய வேலை விரைவில் இடம் கொள்ளாமல் போகவே, அக்டோபரில் நகரின் ராத் அருங்காட்சியகம் முழுவதும் இதற்கு ஒதுக்கப்பட்டது. ஓவியங்கள் இருந்த கூடங்களில் நீண்ட மேசைகளும் அட்டைப் பெட்டிகளும் வரிசையாக வைக்கப்பட்டன. போர்க்காலம் முழுவதிலும் சுமார் 3,000 பேர் அங்கே பணியாற்றினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் மிகப் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

முகமை பின்பற்றிய முறை எளிமையானது. ஒரு தாய் மகனைப் பற்றி விசாரித்துக் கடிதம் எழுதினால், அந்த மகனின் பெயரில் ஒரு 'விசாரணை அட்டை' எழுதப்படும். கைதிகளின் பட்டியல் ஒரு நாட்டிலிருந்து வந்தால், அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 'தகவல் அட்டை' எழுதப்படும். இரண்டு வகை அட்டைகளும் ஒரே அகர வரிசையில் அடுக்கப்படும். ஒருநாள் ஒரே பெயருள்ள இரண்டு அட்டைகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். அப்போது படைப்பிரிவு, எண், பிறந்த ஊர் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, அது ஒரே ஆள்தான் என்று உறுதியானால் குடும்பத்துக்குக் கடிதம் போகும். மகன் உயிரோடு இருக்கிறான் என்றும் அந்தக் கடிதம் சொல்லலாம், இன்ன மருத்துவமனையில் இறந்தான் என்றும் சொல்லலாம்.

இப்படி எழுதப்பட்ட அட்டைகள் சுமார் 70 லட்சம். ஒப்பிடும் வேலையில் ஒரே பெயர் கொண்ட பலர் பெரும் தொல்லையாக இருந்தனர். பிரெஞ்சுப் படையில் மார்ட்டின் என்பவரும் ஜெர்மன் படையில் மியூலர் என்பவரும் எத்தனையோ பேர். அவசரப்பட்டு வேறொரு மார்ட்டினின் இறப்புச் செய்தியை அனுப்பிவிட்டால் ஒரு வீட்டில் உயிரோடு இருப்பவருக்கே இழவு விழுந்துவிடும். ஆகவே ஐயம் இருந்தால் மீண்டும் விசாரித்த பிறகே எழுத வேண்டியிருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு ராமகிருஷ்ணர், விவேகானந்தர், காந்தி ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவராக அறிமுகமான ரோமன் ரோலந்து, 1914 அக்டோபர் முதல் சில மாதங்கள் இந்த முகமையில் தொண்டராக இருந்தார். படைவீரர் அல்லாத பொதுமக்களைத் தேடும் பிரிவில் கடிதங்களுக்கு விடை எழுதுவது அவர் வேலை. 1915-க்குரிய இலக்கிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முகமைக்கே கொடுத்தார். செஞ்சிலுவைக் குழுவுக்கு 1917-இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த அட்டைத் தொகுதி 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. போரின் நூற்றாண்டான 2014-இல் அது இணையத்திலும் வெளியிடப்பட்டது.

இருபத்தைந்து சொற்கள்

1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, கைதிகளின் பெயர்களைத் தெரிவிப்பதை நாடுகளின் சட்டக் கடமையாக்கியது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் ஜெனீவாவில் மீண்டும் மைய முகமை திறக்கப்பட்டது. இம்முறை அட்டைகளின் எண்ணிக்கை கோடிகளைத் தொட்டது. அட்டைகளைத் துளையிட்டு வகை பிரிக்கும் ஹாலரித் எந்திரங்களும் பயன்படுத்தப்பட்டன.

அஞ்சல் நின்றுபோன நாடுகளுக்கு இடையே பொதுமக்கள் செய்தி அனுப்ப ஒரு படிவம் இருந்தது. அதில் 25 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது. குடும்பச் செய்தி மட்டுமே இருக்க வேண்டும். தணிக்கையைக் கடந்து அது போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். பெறுபவர் அதே படிவத்தின் பின்புறத்தில் 25 சொற்களில் விடை எழுதுவார். 'நலம், குழந்தை வளர்கிறாள், கவலை வேண்டாம்' என்ற அளவில் முடிந்துவிடும் இத்தகைய செய்திகள் இரண்டு கோடிக்கும் மேல் ஜெனீவா வழியாகச் சென்றன.

ஆனால் இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டைகள் இருந்தன. சோவியத் ஒன்றியம் 1929 உடன்படிக்கையில் சேரவில்லை. ஜப்பான் கையெழுத்திட்டும் அதை ஏற்பிசைவு செய்யவில்லை. கிழக்குப் போர்முனையில் இரு தரப்பிலும் கைதான லட்சக்கணக்கானோருக்கு ஜெனீவாவில் அட்டை இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம். பட்டியல் வராத இடத்திலிருந்து செய்தியும் வரவில்லை.

கொடுமைக்காக எழுதிய பதிவேடு

போர் 1945-இல் முடிந்தபோது ஐரோப்பா முழுவதும் மக்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தனர். வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்கள், கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள், பெற்றோரைத் தவறவிட்ட குழந்தைகள் எனப் பல தரப்பினர் இருந்தனர்.

ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் நகரில் குர்ட் வாக்னர், பின்னாளில் சமூகவியலாளராகப் புகழ்பெற்ற ஹெல்முட் ஷெல்ஸ்கி ஆகிய இருவர் 'சந்திப்பு அட்டவணை' என்ற முறையை உருவாக்கினர். இங்கே தேடுபவர் தம்மைப் பற்றி ஓர் அட்டையும், தேடப்படுபவரைப் பற்றி இன்னோர் அட்டையும் எழுதித் தருவார். மனைவி கணவரைத் தேடுகிறார், கணவரும் மனைவியைத் தேடுகிறார் என்றால் இருவரின் அட்டைகளும் அதே பெட்டியில் சந்தித்துவிடும். யாரையும் அலுவலர் தேடிப் போக வேண்டியதில்லை. தேடுபவர்களே தேடப்படுபவர்களாகவும் இருந்த காலத்துக்குப் பொருத்தமான முறை அது. பெயர் சொல்லத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு இது உதவவில்லை. அவர்களுடைய ஒளிப்படங்களையும் அங்க அடையாளங்களையும் அச்சிட்டுப் பொது இடங்களில் சுவரொட்டிகளாக ஒட்டினார்கள்.

நாஜி ஆட்சியால் துன்புற்றவர்களைத் தேட நேச நாடுகள் தனியாக ஓர் அமைப்பை ஏற்படுத்தின. அது 1946 ஜனவரியில் ஜெர்மனியின் ஆரோல்சன் என்ற சிறு நகருக்கு வந்தது. குண்டுவீச்சுக்குத் தப்பிய நகரம் என்பதும், நான்கு நாடுகள் பங்கிட்டு ஆண்ட பகுதிகளுக்கு ஏறத்தாழ நடுவில் இருந்தது என்பதும் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள். 1948 முதல் அது 'பன்னாட்டுத் தேடல் சேவை' எனப்பட்டது. 2019 முதல் ஆரோல்சன் ஆவணக் காப்பகம் என்று அழைக்கப்படுகிறது.

இங்கே ஒரு கசப்பான முரண் உண்டு. ஜெனீவாவின் அட்டைகள் மனிதரைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. ஆரோல்சனில் உள்ள ஆவணங்களில் பெரும்பகுதி மனிதரை அடக்கவும் அழிக்கவும் எழுதப்பட்டவை. முகாமுக்கு வந்த நாள், கைதி எண், பறிக்கப்பட்ட உடைமைகள் எல்லாவற்றையும் நாஜி நிர்வாகம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. போரின் முடிவில் பல ஆவணங்களை எரித்தும் விட்டது. எரியாமல் மிஞ்சிய அதே பதிவேடுகளை வைத்துத்தான், தந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட பிள்ளைகளுக்கு விடை சொல்ல முடிந்தது. அங்குள்ள பெயர் அட்டவணையில் சுமார் 1.75 கோடி மனிதர்களைப் பற்றிய ஏறத்தாழ 5 கோடி அட்டைகள் உள்ளன. கைதிகளிடமிருந்து பறித்த கைக்கடிகாரம், திருமண மோதிரம், பணப்பை போன்ற பொருள்களை அவர்களுடைய குடும்பத்தாரைக் கண்டுபிடித்து ஒப்படைக்கும் பணி இன்றும் நடக்கிறது.

ஆரோல்சன் அட்டைகள் எழுத்துப்படி அடுக்கப்படவில்லை, ஒலிப்படி அடுக்கப்பட்டன. போலந்துக்காரர் சொன்ன பெயரை ஜெர்மானியர் தம் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பார். அதை இன்னொருவர் பிரெஞ்சு முறையில் படியெடுத்திருப்பார். அப்ரமோவிச் என்ற ஒரு குடும்பப் பெயர் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட எழுத்து வடிவங்களில் அங்கே காணப்படுகிறது. எழுத்தை மட்டும் நம்பியிருந்தால் எண்ணூறு இடங்களில் தேட வேண்டும். ஒலியை நம்பியதால் எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தன.

கொரியா, 1983: நினைவே பதிவேடானபோது

பதிவேடே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போர் அந்தக் கேள்வியை எழுப்பியது. அகதிகளாக ஓடிய கூட்டத்தில் கைநழுவிப்போன குழந்தைகள் பலர் தங்கள் முழுப்பெயரையும் அறியாமல் வளர்ந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1983 ஜூன் 30 இரவு, தென்கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி 'பிரிந்த குடும்பங்களைத் தேடுவோம்' என்ற நேரலை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது 95 நிமிடங்களுக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. மக்கள் வெள்ளம்போல் வந்து குவிந்ததால் நவம்பர் 14 வரை, 138 நாள்களில் 453 மணி 45 நிமிடங்கள் அது ஒளிபரப்பானது.

விண்ணப்பித்தவர்கள் 1,00,952 பேர். கேமராவுக்கு முன் வந்தவர்கள் 53,536 பேர். ஒன்றுசேர்ந்த குடும்பங்கள் 10,189. தேடுவோர் தங்கள் பெயர், பெற்றோர் பெயர், சொந்த ஊர், பிரிந்த இடம் ஆகியவற்றை அட்டையில் எழுதி மார்பில் பிடித்து நின்றனர். நிலையத்தின் சுவர்களும் அருகிலிருந்த திடலும் தாள்களால் நிறைந்தன. ஒரு நகரத்தில் அக்காவும் இன்னொரு நகரத்தில் தம்பியும் திரையின் இரு பாதிகளில் தோன்றிக் கேள்வி கேட்டுக்கொண்டனர். வீட்டு முற்றத்தில் என்ன மரம் இருந்தது, எந்தக் காலில் தழும்பு, அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்பன போன்ற கேள்விகளே அங்கே சான்றாவணங்களாயின. 2015-இல் இந்நிகழ்ச்சியின் ஒளிநாடாக்களும் படிவங்களும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

எல்லைக்கு வடக்கே போனவர்களை இந்நிகழ்ச்சியால் எட்ட முடியவில்லை. இரு கொரிய அரசுகளும் உடன்பட்டு நடத்திய குடும்பச் சந்திப்புகள் 1985-இல் ஒருமுறையும், 2000 முதல் 2018 வரை 21 சுற்றுகளாகவும் நடந்தன. அவற்றில் கலந்துகொண்டவர்கள் சில நாள்கள் கூடியிருந்துவிட்டு மீண்டும் பிரிய வேண்டியிருந்தது. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் முறை வருமுன்பே இறந்துவிட்டனர்.

கப்பல் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள்

ஆரோல்சனில் கண்ட அதே முரணைத் தமிழர் வரலாற்றிலும் காணலாம். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களில் மிகுதி.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. தப்பி ஓடினால் பிடிப்பதற்கும், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கணக்கு வைப்பதற்கும் எழுதிய பதிவேடு அது. எழுதியவருக்கு அந்த மனிதரின் குடும்பத்தைப் பற்றிய கவலை எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் பூட்டனின் ஊரைக் கண்டுபிடிக்க இன்று உதவுவது அதே வரிதான். டர்பனில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் இக்கப்பல் பட்டியல்களைப் பாதுகாத்து வருகிறது. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனமும், ஃபிஜியில் தேசிய ஆவணக் காப்பகமும் அந்நாடுகளுக்குச் சென்றவர்களின் ஆவணங்களை வைத்திருக்கின்றன.

இங்கும் பெயரின் ஒலிதான் முதல் தடை. கவுண்டர் என்பது நேட்டாலில் 'கோவெண்டர்' ஆயிற்று. முதலி 'மூட்லி' ஆனார். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். தந்தையின் பெயரைத் தனிப் பெயராக வைத்துக்கொள்ளும் வழக்கமும், குடும்பப் பெயர் கேட்ட அலுவலகமும் மோதியதில் தந்தையின் இயற்பெயரே பல வீடுகளில் பரம்பரைப் பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் எங்கும் போய்ச் சேர முடியாது. முன்னோரின் கூலி எண் தெரிய வேண்டும். பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களில் அந்த எண் குறிக்கப்பட்டிருப்பது உண்டு.

எண் கிடைத்து ஊரும் தெரிந்த பிறகு அடுத்த தடை வரும். பதிவேட்டில் உள்ள மாவட்டம் இன்று அதே மாவட்டமாக இருக்காது. பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. அதன் வடபகுதி 1911-இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து இப்போது ஆந்திரத்தில் உள்ளது. தமிழ்நாட்டு வரைபடத்தை மட்டும் பார்த்து 'அப்படி ஓர் ஊரே இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

பெயர் எழுதப்படாதவர்கள்

இந்த வரலாற்றின் மிக வேதனையான பகுதி சயாம்-பர்மா ரயில்பாதை. ஜப்பானியப் படை 1942-43-இல் 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டி இதை அமைத்தது. 60,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு போர்க்கைதிகள் இதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கைதிகள் தங்கள் முகாமில் இறந்தவர்களின் பெயரையும் புதைத்த இடத்தையும் ரகசியமாகக் குறித்து வைத்தனர். போர் முடிந்து 1945 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கல்லறை தேடும் குழு ஒன்று ரயில்பாதை நெடுகச் சென்றது. குறிப்புகளில் இருந்த 10,549 கல்லறைகளில் 52 தவிர மற்ற அனைத்தையும் அக்குழு கண்டுபிடித்தது. அந்த வீரர்கள் இன்று காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசாயத் கல்லறைத் தோட்டங்களில் பெயர் பொறித்த கற்களுக்குக் கீழே இருக்கிறார்கள்.

அதே பாதையில் பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் எனப் போர்க்கைதிகளைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் உழைத்தனர். காலராவிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் பல பத்தாயிரம் பேர். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கே ஆய்வாளர்கள் தரும் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. அவர்கள் படைவீரர் அல்லர். அதனால் எந்தப் படையின் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. முகாமில் குறிப்பெழுத அதிகாரியும் இல்லை. மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது.

தோட்டத்தில் காத்திருந்த குடும்பங்களுக்கு இறப்புச் செய்தி என்று ஒரு தாள்கூட வரவில்லை. திரும்பி வந்த ஒருசிலர் சொன்னதே செய்தி. வராதவருக்கு எந்த நாளில் திதி கொடுப்பது என்றுகூட வீட்டாருக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். பட்டியல் இல்லாத இடத்தில் வாய்மொழி நினைவும் இலக்கியமுமே அதன் பணியை ஓரளவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே பாதையில் ஒரே நோயால் இறந்த இருவரில் ஒருவருக்குக் கல்லறை உண்டு, மற்றவருக்கு இல்லை. இறந்த நாளில் யார் கையில் பென்சில் இருந்தது என்பதே அந்த வேறுபாடு.

அறியும் உரிமை

1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் போர்க்கைதிகளோடு பொதுமக்களின் தகவலையும் மைய முகமைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தன. ஜெனீவா முகமை 1960-இல் 'மையத் தேடல் முகமை' என்று பெயர் மாற்றம் பெற்றது. 1977-இல் சேர்க்கப்பட்ட முதல் துணை நெறிமுறையின் 32-ஆம் விதி, உறவினருக்கு என்ன ஆயிற்று என்பதை அறியக் குடும்பங்களுக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாகக் கூறுகிறது. தேடித் தருவது யாரோ செய்யும் கருணை என்ற நிலை மாறி, கேட்டுப் பெறும் உரிமை என்ற நிலை இவ்விதியால் ஏற்பட்டது.

இருப்பினும் உரிமை ஏட்டில் இருப்பதும் விடை கைக்கு வருவதும் ஒன்றல்ல. இலங்கைப் போரில் காணாமற்போனவர்கள் குறித்து 16,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு பெற்றுள்ளது. அவற்றில் தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களும் உண்டு, அரசப் படைவீரர்களின் குடும்பங்கள் அளித்தவையும் உண்டு. காணாமற்போனோர் அலுவலகத்தை அமைக்கும் சட்டம் அங்கே 2016-இல் நிறைவேறியது. படத்தைக் கையில் ஏந்தித் தெருவில் அமர்ந்திருக்கும் தாய்மார் கேட்பது இந்த விடையைத்தான். இறந்துவிட்டார் என்ற விடைக்கும் ஒரு பயன் உண்டு. அதன் பிறகே சடங்கு செய்ய முடியும், சொத்துப் பத்திரத்தில் கையெழுத்திட முடியும், அழுது முடிக்க முடியும்.

தேடுவோர் அறிய வேண்டியவை

மேலே கண்ட வரலாற்றிலிருந்து, இன்று உறவினரைத் தேடுவோருக்குப் பயன்படும் சில பாடங்களைத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தேடலை வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெயரோடு நிறுத்தாமல் தந்தை பெயர், செல்லப் பெயர், ஊர், பக்கத்து ஊர், குலதெய்வக் கோயில், பிரிந்த ஆண்டு, கடைசியாக வந்த கடிதத்தின் அஞ்சல் முத்திரை ஆகியவற்றையும் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, பெயரை ஒரே எழுத்து வடிவில் மட்டும் தேடக் கூடாது. எழுதியவர் எந்த மொழிக்காரர், அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பல வடிவங்களில் தேட வேண்டும்.

மூன்றாவது, வேறு நோக்கத்துக்காக எழுதிய பதிவேடுகளைப் புறக்கணிக்கக் கூடாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்டச் சம்பளக் கணக்கு, வாக்காளர் பட்டியல், பத்திரப் பதிவு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு ஆகிய எதிலும் நாம் தேடும் பெயர் இருக்கலாம்.

நான்காவது, போர், பேரிடர், இடப்பெயர்வு காரணமாகப் பிரிந்தவர்களுக்கு அந்தந்த நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

ஐந்தாவது, தேடப்படுபவருக்கும் ஒரு விருப்பம் உண்டு. கண்டுபிடித்துவிட்டாலும் அவர் சம்மதித்தால் மட்டுமே முகவரி தேடியவருக்குத் தரப்படும். மனக்கசப்பால் விலகிப் போனவரும் இருக்கலாம், புதிய வாழ்க்கை அமைத்துக்கொண்டவரும் இருக்கலாம். அவரது முகவரியையும் படத்தையும் அனுமதியின்றிப் பொதுவெளியில் பரப்புவது தவறு.

பள்ளி ஆசிரியராக இருந்த முப்பத்துச் சொச்ச ஆண்டுகளில், ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதுவது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்காக 'வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது கன்னத்தில் ஒரு தழும்பு' என்று அங்க அடையாளம் எழுதும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். கூலிக் கப்பலின் பதிவேட்டிலும் அதே பத்தி இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவசரத்தில் சில பெயர்களைத் தவறாகவும் எழுதியிருப்பேன். இந்த வரலாற்றைப் படித்த பிறகு அந்தப் பிழைகளை நினைத்தால் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவர்கள் ஒரு சிறு வேலை செய்யலாம். தாத்தா, பாட்டி, அவர்களின் பெற்றோர் ஆகியோரின் பெயரையும் ஊரையும், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பாத உறவினர் யாரேனும் இருந்தால் அவர் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் எழுதுங்கள். எழுதிய தேதியையும் சொன்னவர் யார் என்பதையும் குறிக்க மறக்க வேண்டாம்.